பாக்ஸ் எந்தப் பக்கம் பார்க்கிறது?

வீட்டு விசேஷத்துக்கு என்ன பாட்டுப் போடுவது என்பதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று கேட்கிறவர்கள், சின்னாளப்பட்டியில் ஏதாவது ஒரு சவுண்ட் சர்வீஸ்காரரின் பென் டிரைவை வாங்கிப் பார்க்கலாம். பக்திப் பாட்டு ஒரு ஃபோல்டர். காதணி, சடங்கு, கல்யாணம் தனித்தனி. எம்.ஜி.ஆர். பாட்டு, இளையராஜா, குத்துப்பாட்டு. அதற்கடுத்து சாதிக்கு ஒரு ஃபோல்டர். சுற்றிவளைத்துப் பெயர் வைப்பதெல்லாம் இல்லை, சாதிப் பெயரேதான் ஃபோல்டர் பெயர். நான் பார்த்த பென் டிரைவில் நான் பிறந்த சாதிக்கும் ஒன்று இருந்தது. எந்தச் சாதி என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதுவும் ஒரு விளம்பரமாகிவிடும்.

சவுண்ட் சர்வீஸ்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. பாக்ஸ் கடன், ஆம்ப்ளிஃபையர் கடன், மினி வேன் வாடகை என்று ஓடுகிற பிழைப்பு அது. முன்பணம் கொடுக்கும்போதே வீட்டுக்காரர் கேட்கிறார், இவர் போடுகிறார். இந்தத் தொழிலில் சேரியிலிருந்து வந்த இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தன்னைத் தெருவுக்குள் ஒழுங்காக நடக்கவிடாத பெருமையை, தன் கையாலேயே ஒலிப்பெருக்கியில் ஏற்றிவிடுகிற வேலை. அப்படி ஒருவரிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “எங்க தெருவுல இதே பாக்ஸுல அம்பேத்கர் பாட்டு போட்டா, மறுநாள் ‘என்னப்பா, நேத்து ரொம்ப சத்தமா இருந்துச்சே’ன்னு கேப்பாங்க. அதே பாக்ஸை அவுங்க வீட்டுக்குக் கொண்டுபோனா ‘இன்னும் கொஞ்சம் ஏத்துப்பா’ம்பாங்க.”

சத்தம் என்று இங்கே சொல்லப்படுவது டெசிபல் அல்ல. டெசிபல் கணக்குதான் வேண்டுமென்றால் அதற்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிப்பெருக்கி கூடாது. இந்த விதிகளை எங்கள் ஊரில் எந்தச் சாதியும் மதிப்பதில்லை. அந்த ஒரு விஷயத்தில் சமத்துவம் உண்டு. ஆனால் தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த ஊர் இது. சுங்குடிக்கும் பட்டுக்கும் பேர்போன ஊரில், நாளெல்லாம் தடதடவென்று கேட்கிற சத்தம் யாரையும் பயமுறுத்தியதில்லை. பயமுறுத்துவது, யாருக்குக் கேட்க வேண்டுமென்று நினைத்து வைக்கப்படுகிற சத்தம். விசேஷம் வீட்டுக்குள் நடக்கிறது. பந்தி பின்பக்கம். உறவினர்கள் பந்தலுக்குள். அப்புறம் எதற்கு நான்கு பாக்ஸும் தெருமுனையைப் பார்த்து நிற்கின்றன? வந்தவர்கள் கேட்கவா, வராதவர்கள் கேட்கவா? அடுத்தமுறை ஏதாவது விசேஷ வீட்டைக் கடந்தால், என்ன பாட்டு என்பதற்கு முன் பாக்ஸ் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். நான் சொல்ல வருவதில் பாதி புரிந்துவிடும்.

மீதிப் பாதிக்கு 1992க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு பொங்கலுக்கு ‘சின்னக் கவுண்டர்’. தீபாவளிக்கு ‘தேவர் மகன்’. 1993இல் ‘எஜமான்’. 1994 தீபாவளிக்கு ‘நாட்டாமை’. மூன்றே ஆண்டுகளில் ஊர்ப் பெரியவர் என்றால் யார், அவர் துண்டு எப்படி இருக்கும், அவர் வரும்போது யார் எழுந்து நிற்க வேண்டும் என்பதைத் தமிழ் சினிமா பாட்டாகவே பாடிக் கொடுத்துவிட்டது. இவற்றில் ‘தேவர் மகன்’ படத்தின் அந்த ஒரு பாட்டுக்குக் கிடைத்த வாழ்வு வேறெதற்கும் கிடைக்கவில்லை. எந்தப் பாட்டு என்று தென்மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரியை எழுதியவர் வாலி. இசையமைத்தவர் பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் ஊர் ஊராக வாசித்துத் திரிந்த இளையராஜா. இதைச் சொன்னவுடன் ஒருவர் கட்டாயம் எழுந்து “பார்த்தீர்களா, இசைக்கு ஏது சாதி?” என்பார். நான் கேட்பது வேறு. அந்தப் பாட்டு எந்த வீட்டில், எந்தத் தெருவைப் பார்த்து, யார் நடந்துபோகும்போது சத்தம் கூட்டப்படுகிறது? இசையமைத்தவரின் பிறப்பு அந்தச் சமயத்தில் யாருக்கு ஞாபகம் வருகிறது?

படம் வன்முறைக்கு எதிரானது, அரிவாளைக் கீழே போடச் சொல்கிற படம் என்று கமல் ரசிகர்கள் முப்பது வருடமாகச் சொல்லிவருகிறார்கள். சரி, படம் அப்படியே இருக்கட்டும். விசேஷ வீட்டில் படம் ஓடுவதில்லை. பாட்டு மட்டும்தான் ஓடுகிறது. படத்தின் முடிவில் வருகிற வருத்தத்தை வெட்டிவிட்டு, நடுவில் வருகிற பெருமையை மட்டும் நான்கு நிமிடமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எந்தப் பாட்டும் படத்தை விட்டுத் தனியாக வெளியே வந்து பிழைக்கும் என்பது சினிமாக்காரர்களுக்குத் தெரியாத சங்கதியா? 2023 ஜூனில் ‘மாமன்னன்’ இசை வெளியீட்டு விழாவில், கமல்ஹாசன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, அந்தப் படம் தனக்குள் உண்டாக்கிய வலியை மாரி செல்வராஜ் பேசினார். ஒரு வாரத்துக்கு இணையம் முழுக்க அவரைத் திட்டினார்கள். அவர் சொன்னதைத் தென்மாவட்டத்தில் அந்தப் பாட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று கேட்டு வளர்ந்த ஒவ்வொருவரும் வேறு வேறு வார்த்தையில் சொல்வார்கள்.

“பாட்டுதானே தோழர், இதைப் போய் பெரிசு பண்ணலாமா?”

பெரிசு பண்ணியது நாங்கள் அல்ல. 2015 மே மாதம் மகாராஷ்டிராவின் ஷீர்டியில் செவிலியர் படிப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு தலித் இளைஞர், கல்யாணம் ஒன்றுக்காக வந்த ஊரில் அடித்துக் கொல்லப்பட்டார். அவருடைய கைப்பேசி அழைப்பொலியாக அண்ணல் அம்பேத்கர் பாட்டு ஒலித்தது என்பதிலிருந்துதான் தகராறு தொடங்கியது. பாக்ஸ் இல்லை, ஆம்ப்ளிஃபையர் இல்லை. சட்டைப் பையிலிருந்து கேட்கிற சின்னச் சத்தம். பாட்டு வெறும் பாட்டுதான் என்றால் அந்த மாணவர் இன்று ஏதோ ஒரு மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்திருப்பார். பாட்டு என்பது இடத்துக்கு உரிமை கொண்டாடுவது. இது நம்மை விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சட்டத்துக்கும் தெரியும். திருவிழா ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகிறார்களே, அந்த ஆணைகளில் வழக்கமாக வருகிற நிபந்தனை ஒன்று: எந்தக் கட்சியையும் மதத்தையும் சமூகத்தையும் சாதியையும் குறிக்கிற பாட்டோ நடனமோ கூடாது. கோயில் மேடையில் கூடாது என்று நீதிமன்றம் சொல்கிற அதே பாட்டு, மேடைக்கு எதிர்வீட்டுக் காதணி விழாவில் தாராளமாக ஓடலாம். வீடு தனியார் இடம். பட்டியல் சாதியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் கொண்டுவந்த திருத்தத்தில், தலித் வீட்டுக் கல்யாண ஊர்வலத்தைத் தடுப்பது தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஊர்வலத்தைத் தடுக்கிறார்கள் என்பதால்தானே இப்படி ஒரு பிரிவு எழுத வேண்டி வந்தது. ஒரு வீட்டு மேளம் தெருவுக்கு வரச் சட்டம் வேண்டும். இன்னொரு வீட்டு மேளம் கேட்காமலே எல்லார் வீட்டுக்குள்ளும் வரும்.

வீட்டுக்குள் போலீஸை அனுப்பிப் பென் டிரைவைச் சோதிக்கச் சொல்லவில்லை. அப்படி ஒரு அதிகாரத்தைக் காவல் துறையிடம் கொடுத்தால் முதலில் பறிமுதல் ஆவது அம்பேத்கர் பாட்டாகத்தான் இருக்கும். நான் பேசுவது விசேஷம் வைக்கிறவர்களிடம். குறிப்பாக, “நான் சாதி பார்ப்பதில்லை” என்று முகநூலில் எழுதிவிட்டு, அப்பா ஏற்பாடு செய்த பாக்ஸுக்கு முன்னால் ஆடுகிற என் வயதுக்காரர்களிடம்.

பாட்டை மாற்ற முடியாதா? 2021இல் ‘கர்ணன்’ படத்துக்கு ‘பண்டாரத்தி புராணம்’ என்று ஒரு பாட்டு வந்தது. அந்தச் சொல் தங்களைப் புண்படுத்துவதாக ஒரு சமூகத்தினர் சொன்னார்கள். இயக்குநர் பெயரை ‘மஞ்சனத்தி புராணம்’ என்று மாற்றினார். இழிவாக எழுதவில்லை என்று விளக்கம் சொன்னார், மாற்றவும் செய்தார். அதற்காக வானம் இடிந்து விழவில்லை, பாட்டும் ஓடியது. அந்தச் சமூகம் எண்ணிக்கை பலத்தில் யாரையும் மிரட்டக்கூடியதும் அல்ல. ஒரு சொல்லால் ஒருவருக்கு நோகும் என்றால் அதை எடுத்துவிடலாம் என்கிற மரியாதையை நம் பக்கத்துக் கலைஞர் காட்டியிருக்கிறார். எதிர்ப் பக்கத்திலிருந்து அப்படி ஒரு மாற்றம் வந்ததாக எனக்கு ஒன்றுகூட ஞாபகம் இல்லை.

“அவர்கள் பாட்டை அவர்கள் போடட்டும், நீங்கள் உங்கள் பாட்டைப் போடுங்கள், சமமாகப் போகும்” என்று ஒரு சமாதானமும் உண்டு. பஞ்சாபில் இது நடந்தது. ஜாட் பெருமை பேசும் பாட்டுகள் அங்கே கல்யாணத்துக்குக் கல்யாணம் முழங்கும். அதற்கு எதிரே ஜலந்தரிலிருந்து கின்னி மாஹி என்ற இளம்பெண் ‘டேஞ்சர் சமார்’ என்று பாடிக்கொண்டு வந்தார். ரவிதாஸையும் அம்பேத்கரையும் பாடினார். வசைச் சொல்லாகக் கேட்ட சாதிப் பெயரை மேடையில் நிமிர்ந்து நின்று சொன்னார். அதையும் ஆண்ட பெருமைப் பாட்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஒன்று மிதித்ததைச் சொல்லிக் கொண்டாடுகிறது. இன்னொன்று மிதிபட்டு எழுந்ததைச் சொல்கிறது.

ஆனாலும் இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், தோழர்கள் கோபித்தாலும் சரி. எங்கள் மாவட்டத்தில் பட்டியல் சாதிகளுக்குள்ளேயே ஃபோல்டர் பிரிந்துவிட்டது. நாங்களும் ஆண்டவர்கள்தான், எங்களுக்குக் கீழே இன்னொருவர் உண்டு என்கிற தொனியில் பாட்டுகள் வருகின்றன. இசை, படக்காட்சி, மீசை, புல்லட் எல்லாம் அச்சு அசல் அதே மாதிரி. பெயர் மட்டும் வேறு. அருந்ததியர் தெரு வழியாகப் போகும்போது அந்தப் பாட்டின் சத்தம் கூடுகிறது என்றால், அதை எதிர்ப்பாட்டு என்று நான் சொல்ல மாட்டேன். அம்பேத்கர் படத்தை முன்னால் வைத்துக்கொண்டு போட்டாலும் சொல்ல மாட்டேன்.

எல்லா விசேஷத்திலும் எனக்குப் பொறுக்க முடியாதது சடங்கு வீட்டில் இந்தப் பாட்டுகள் ஓடுவது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை. தெருமுனையில் அவள் படம் போட்ட ஃப்ளெக்ஸ். சுற்றிலும் அரிவாள் மீசை வைத்த தலைவர் படங்கள். தாய்மாமன் சீர் தட்டு வரிசையாக வருகிறது. அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, குலத்தின் வீரத்தைப் பற்றி, மானத்தைப் பற்றி நான்கு பாக்ஸில் அலறவிடுகிறார்கள். யாருடைய வீரம், யாருடைய மானம்? அந்த மானம் முழுவதும் தன் உடம்பின் மீதுதான் ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது என்பதை அந்தப் பிள்ளை அன்றைக்குத்தான் முதன்முதலில் ஒலிப்பெருக்கியில் கேட்கிறாள். இவள் எங்கள் சாதிக்குள்தான் போவாள் என்று ஊருக்கு அறிவிக்கிற விழா அது. அந்த விழாவில் அரிவாள் பாட்டு வெறும் கொண்டாட்டமாகவா இருக்கும்? எச்சரிக்கை அது. அவளுக்கும், அவளோடு பள்ளிக்கூடத்தில் பேசுகிற பையன்களுக்கும்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் எங்கள் மாவட்டத்துப் பழனியை நினைத்துப் பாருங்கள். பழனிப் பெண் கௌசல்யாவின் கணவர் சங்கரை 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். அதன்பிறகு கௌசல்யா கற்றுக்கொண்ட வாத்தியம் பறை.

பறை என்றதும் நம் பக்கத்துக்காரர்களுக்கு உற்சாகம் வந்துவிடும். முற்போக்குக் கல்யாணம் என்றால் இப்போது பறைக்குழு வராமல் இருப்பதில்லை. நல்லதுதான். மதுரையின் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது நானும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். ஆனால் பறைக்கு இரண்டு வரலாறு உண்டு. சாவுக்கு நீதான் அடிக்க வேண்டும் என்று திணிக்கப்பட்ட வேலையாக அது இருந்தபோது, அடிக்க மாட்டோம் என்று சொன்னதும் சாதி ஒழிப்புப் போராட்டம்தான். காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் இளையபெருமாள் போன்றவர்கள் அந்தப் போராட்டத்தை நடத்தியவர்கள். பறையைக் கீழே போட்டவர்களின் பேரன்களிடம் போய், “இது தமிழன் ஆதி இசை, விடலாமா?” என்று பாடம் நடத்துகிற உரிமை நமக்குக் கிடையாது. இன்னொரு பக்கம், எங்கள் திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் பெண்பிள்ளைகள் பறையைக் கையில் எடுத்தார்கள். பெண்கள் தொடக்கூடாது, மங்கல காரியத்துக்கு ஆகாது என்ற இரண்டு தடையையும் ஒரே அடியில் அடித்தார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் அவர்களைப் பற்றி ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ என்று ஆவணப்படமே எடுத்திருக்கிறார். கீழே போட்டதும் சரி, கையில் எடுத்ததும் சரி. இரண்டிலும் முடிவெடுத்தவர் அடிக்கிறவர்தான், கூப்பிடுகிறவர் அல்ல.

கூப்பிடுகிற நாம் என்ன செய்கிறோம்? செண்டை மேளத்துக்குக் கேரளாவிலிருந்து ஆள் வரவழைத்து, கேட்ட தொகையைக் கொடுத்து, தங்க இடமும் கொடுக்கிற வீடு, பறைக்குழுவிடம் பேரம் பேசுகிறது. “இயக்கத் தோழர்தானே, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்.” வாசலில் அடிக்கும்போது எல்லாரும் ரீல்ஸ் எடுக்கிறார்கள். அடித்து முடித்து வியர்வையோடு நிற்கிறவர்களை முதல் பந்தியில் உட்கார வைத்த விசேஷம் எத்தனை? பார்சல் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டால் இலையும் மிச்சம், சங்கடமும் மிச்சம். போன வருடம் காந்திகிராமம் பக்கம் ஒரு மண்டபத்தில் நான் கண்ணால் பார்த்தது இது. மாப்பிள்ளை பெரியார் படம் போட்ட பத்திரிகை அடித்தவர்.

பெரியார் என்றதும் சிவக்கொழுந்து கதை ஞாபகம் வருகிறது. செட்டிநாட்டுக் கல்யாணம் ஒன்றில் மதுரை சிவக்கொழுந்து நாதஸ்வரம் வாசித்துக்கொண்டு வந்தார். வியர்வை துடைக்கத் தோளில் ஒரு துண்டு. பெரிய மனிதர்கள் முன்னால் தோளில் துண்டா, எடு என்றார்கள். அங்கே இருந்த பட்டுக்கோட்டை அழகிரி, எடுக்காதீர்கள், வாசியுங்கள் என்று நின்றார். சுயமரியாதை இயக்க மேடைகளில் எத்தனையோ முறை சொல்லப்பட்ட சம்பவம். என்ன ராகம் வாசிக்கப்பட்டது என்று அந்தக் கதையில் யாரும் சொல்வதில்லை. துண்டு தோளிலேயே இருந்தது என்பதுதான் கதை. நாம் பாட்டுப் பட்டியலைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறோம். வாசிக்கிறவரின் துண்டைப் பற்றியும் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

இதே மறதிதான் ‘எஞ்சாயி எஞ்சாமி’யிலும். 2021 மார்ச்சில் வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு எழுதியது. நிலமில்லாமல் போனவர்களின் பாட்டு. அதற்குப் பத்து ஏக்கர் தோப்பு வைத்திருக்கிறவர் வீட்டுப் பிள்ளைகள் வளைகாப்பில் ஆடுகிறார்கள். ஆடட்டும், ஆட்டத்துக்கான தாளம்தான் அது. அடுத்த பாட்டாக ஆண்ட பெருமையைப் போடும்போதாவது யாருக்காவது நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியதா என்று கேட்கிறேன்.

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியபோது கானாவும் ராப்பும் பறையும் ஒன்றாக ஒலித்தன. அயோத்திதாசரின் ‘சாதிபேதமற்ற’ என்ற சொல்லிலிருந்து எடுத்த பெயர். அந்தப் பாட்டுகள் இருக்கின்றன, சந்தோஷ் நாராயணன் இசையில் வந்தவை இருக்கின்றன, புத்தர் கலைக்குழு இருக்கிறது. சாதியையே பேசாத ஆயிரம் காதல் பாட்டு இருக்கிறது. காதல் பாட்டே போதும் என்பது என் கட்சி. போடுவதற்குப் பாட்டு இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

வருகிற ஆவணியில் எங்கள் வீட்டிலேயே ஒரு சடங்கு இருக்கிறது. சித்தி மகளுக்கு. சடங்கே வேண்டாம் என்று மூன்று மாதம் வாதாடிப் பார்த்தேன், மொய்க் கணக்கு ஜெயித்துவிட்டது. பத்து வருடமாகச் செய்த மொய் திரும்பி வர வேண்டுமாம். சரி, பாட்டை மட்டும் பிள்ளையே எடுக்கட்டும் என்றேன். பாக்ஸ் பந்தலைப் பார்த்து இருக்கட்டும், பத்து மணிக்கு நிறுத்தட்டும், சவுண்ட் சர்வீஸ் அண்ணன் முதல் பந்தியில் சாப்பிடட்டும். சித்தி ஒத்துக்கொண்டார். பெரியப்பாதான் முறைத்தார்.

“நம்ம பாட்டு போடாம விட்டா, இது நம்ம வீடுன்னு எப்படிறா தெரியும்?”

வாசலில் வாழைமரம் கட்டியிருக்கும் பெரியப்பா, ஃப்ளெக்ஸில் பிள்ளை பேர் போட்டிருக்கும், வந்துவிடுவார்கள் என்றேன். அவர் கேட்டது அதையல்ல என்று இரண்டு பேருக்கும் தெரியும். வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். தங்கச்சி இதற்குள் இருபத்து மூன்று பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டாள். அதில் ஏழு கொரியப் பாட்டு. அதெல்லாம் எந்த ஆளுங்க பாட்டு என்று பெரியப்பா சித்தியிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறாராம்.